இரு பிரதிகளில் எது சரி?

இலங்கையின் எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு ‘பேர்’ கணக்கில் நிற்கிறது. முழுப்பேரா, அரைப்பேரா என்று செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் விழும் குறிதான் மாதச் சம்பளமாகிறது, பின்னாளில் ஈ.பி.எஃப். எனும் சேமலாப நிதிப் பணமாகிறது. அந்தச் செக்ரோல் கணினிக்குள் போனபின் அதை எப்படிக் காப்பது?

வழக்கமான பதில், இரட்டை டிஸ்க். எதை எழுதினாலும் இரண்டிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைத் தொடரும். ரெய்டு 1 என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலையில் இடி இடித்து, ஒன்றில் எழுதி மற்றதில் எழுதுமுன் கரண்ட் போய்விட்டால்?

கரண்ட் வந்ததும் சர்வர் இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும். லினக்ஸில் இதற்கு பிட்மேப் என்றொரு குறிப்பு உண்டு. எந்தப் பகுதியில் எழுதப்போகிறோம் என்பதை அது முன்பே குறித்து வைக்கும். பிறகு அந்தப் பகுதிகளை மட்டும் நகலெடுத்தால் போதும். அது இல்லாவிட்டால் முழு டிஸ்க்கும் ஓட வேண்டும். விநாடிக்கு 150 எம்.பி. வேகத்தில் 4 டி.பி. டிஸ்க்குக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சர்வர் ஒரு டிஸ்க்கைப் பார்த்து மற்றதில் எழுதுகிறது, அவ்வளவே. எது சரி என்று அதற்குத் தெரியாது. கணக்கப்பிள்ளையின் பொக்கட் செக்ரோலும் ஆபீஸ் செக்ரோலும் முரண்பட்டால் கொழுந்து நிறுவையைப் பார்க்கலாம், ஆளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். டிஸ்க் யாரைக் கேட்கும்?

தூரத்திலுள்ள இரு சர்வர்களுக்கிடையே இது இன்னும் சிக்கலாகும். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. அதற்குள் மேற்குக் கரை சர்வர்கள் தலைமையை ஏற்றுப் புதிய பதிவுகளை வாங்கத் தொடங்கின. கிழக்கிலோ மேற்குக்குப் போய்ச் சேராத சில பதிவுகள் தங்கிவிட்டன. இரண்டு பக்கமும் உண்மைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. அவசரப்பட்டு ஒரு பக்கத்தை அழிக்காமல், பேக்கப்பிலிருந்து மீட்டு, பொறுமையாக ஒத்திசைத்தார்கள். சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாட்டில் நடந்தது வேறு விதம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினியை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. gov.lk முகவரி கொண்ட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. பிரதி இருந்தது, ஆனால் அதுவும் இணைப்பிலேயே இருந்ததால் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். இணைப்பிலேயே கிடக்கும் பிரதிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இரட்டை டிஸ்க்கின் நிலையும் அதுதான்: ஒன்றில் அழித்தால் அந்தக் கணமே மற்றதிலும் அழியும்.

ஆகவே தோட்ட ஆபீஸுக்கு நான் சொல்வது: இரட்டை டிஸ்க் இருக்கட்டும், பிட்மேப்பும் யு.பி.எஸ்.ஸும் இருக்கட்டும். கூடவே, சம்பளம் போட்டு முடிந்த ஒவ்வொரு முறையும் செக்ரோலை மூன்றாவது டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். அந்தப் பிரதி திறக்கிறதா என்று சோதிக்கும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.