சூரியனைப் பார்க்க வந்ததா அந்தக் கறுப்பு மீன்?

2025 ஜனவரி கடைசியில் எடுக்கப்பட்ட அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஸ்பெயினின் டெனெரிஃப் தீவுக்கு அருகே, வெயில் படும் நீலக் கடலில், ஊசிப் பற்களைக் காட்டியபடி நீந்தும் ஒரு கறுப்பு மீன். ‘வாழ்நாள் முழுக்க இருட்டில் கிடந்தவள், சாவதற்கு முன் ஒருமுறை சூரியனைப் பார்க்க வந்தாள்’ என்று சோக இசை சேர்த்து ரீல்ஸ் போட்டார்கள். உலகமே உருகியது.

ஸ்கிரீனில் பூதம் மாதிரி தெரிந்தாலும், நேரில் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீளம் சுமார் 6 செ.மீ.தான்!

ஆங்லர் எனப்படும் தூண்டில் மீன் அது. கடலில் 200 மீட்டரைத் தாண்டினாலே வெளிச்சம் மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டவே எட்டாது. அங்கே இரையைத் துரத்திப் பிடிப்பது வீண் வேலை. அதனால், இந்த மீன் இரையைத் தன்னிடம் வரவைக்கிறது. தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டிலின் நுனியில் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த வெளிச்சத்தை நம்பி சின்ன மீன் நெருங்கினால், லபக்!

சரி, அந்த வெளிச்சம் அதன் முகத்தையே காட்டிக்கொடுத்துவிடாதா? அதற்குத்தான் அந்தக் கறுப்பு நிறம். ஆழ்கடலில் 16 வகை மீன்களின் தோல், தன்மீது விழும் ஒளியில் 0.5 சதவிகிதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதில் மிகக் கறுப்பானது, ஒரு தூண்டில் மீன் வகைதான். விழுங்கிய இரை வயிற்றுக்குள் மினுமினுத்தாலும் வெளியே தெரியாதபடி, பல ஆழ்கடல் மீன்களுக்கு இரைப்பையின் உட்புறமும் கறுப்பு.

தூண்டில் இருப்பது பெண் மீனுக்கு மட்டும்தான். ஆண் அதைவிட ரொம்பவே பொடியன். இருட்டில் துணையைக் கண்டுபிடிப்பது அத்தனை கஷ்டம் என்பதால், இதன் உறவுக்கார இனங்கள் சிலவற்றில், ஆண் ஒருமுறை பெண்ணைக் கவ்விப்பிடித்தால் விடுவதே இல்லை. தோலோடு தோல் ஒட்டி, ரத்த ஓட்டமும் கலந்து, ஆயுள் முழுக்க அவள் உடம்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்!

டெனெரிஃபில் தென்பட்ட மீன் ஏன் மேலே வந்தது? நோய், அடியிலிருந்து எழுந்த நீரோட்டம், துரத்திய எதிரி எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. மிகவும் பலவீனமாக இருந்த அது, சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. உடல் அந்தத் தீவின் அருங்காட்சியகத்துக்குப் போனது.

ரீல்ஸ் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தூண்டில் மீன்களின் குஞ்சுகள் வளர்வது, வெளிச்சம் உள்ள மேல்மட்டக் கடலில்தான். வளர்ந்த பிறகே ஆழத்துக்கு இறங்குகின்றன. அவள் சூரியனைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டாள்.