வாய்ச் செபம் மனச் செபம் ஆவது எப்படி?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பஞ்சம்பட்டி, வெள்ளோடு போன்ற கத்தோலிக்க ஊர்களில் மாலை மணி அடித்தால் பெரியவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு மூவேளை செபம் சொல்வார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பல வீடுகளில் குடும்பச் செபமாலை நடக்கும். அப்பத்தா முன்சொல்ல, மற்றவர்கள் பின்சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடத் தூக்கக் கண்ணோடு அவர்களுடன் சேர்ந்து முணுமுணுக்கும். அந்தப் பிள்ளைக்குச் சொல்வதன் பொருள் தெரியாது.

'இது கிளிப்பிள்ளைப் பாடம்தானே, செபமாகுமா?' என்று இன்றைய இளைஞர்கள் கேட்கிறார்கள். மனதிலிருந்து வராத சொல் கடவுளிடம் போய்ச் சேருமா என்பது அவர்களுடைய சந்தேகம். தள்ளிவிடக் கூடாத நல்ல கேள்வி அது. ஆனால் அதற்கான பதில் மனப்பாடத்தைக் கைவிடுவதில் இல்லை என்பதையே இந்த மண்ணின் கிறிஸ்தவ வரலாறு காட்டுகிறது.

சீடர்கள் கேட்ட பாடம்

செபிக்கக் கற்றுத் தாரும் என்று முதலில் கேட்டவர்கள் இயேசுவின் சீடர்கள். லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. திருப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த யூதர்களுக்குச் செபம் புதிதல்ல. ஆனாலும் இயேசு ஓரிடத்தில் செபித்து முடித்ததைப் பார்த்த பிறகு, அவர்களுக்கு அந்த ஆசை வந்தது. ஆக, ஒருவர் செபிப்பதைப் பார்ப்பதுதான் முதல் பாடம்.

அவர் கொடுத்ததும் நீண்ட உரையல்ல. ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய சிறிய செபம் அது. மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் இதே செபத்துக்குச் சற்று முன்னால், சொற்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அந்தச் செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்று 'திதக்கே' என்ற பழைய கிறிஸ்தவக் கையேடு அறிவுறுத்துகிறது. சொற்களைப் பெருக்கக் கூடாது, சொல்வதையும் விடக் கூடாது. இந்த இரண்டையும் திருச்சபை ஆரம்பத்திலேயே சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

மணியோடு நடந்த குரு

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் பரவிய கதை முத்துக்குளித்துறையில் இருந்து வருகிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் அந்தக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தைச் செபம் ஆகியவற்றைத் தமிழாக்கினார். பிறகு தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். இங்கே கேட்டதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். நோயாளிகளின் வீடுகளுக்கும் அந்தப் பிள்ளைகளையே செபிக்க அனுப்பினார். இவை அவருடைய கடிதங்களில் இருக்கின்றன.

அவர் வழியில் வந்த அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்ப்பைத் திருத்தி, தமிழ் எழுத்தை அச்சுக்குக் கொண்டுவந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி, இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய நூல் அதுதான். செபமும் மறைக்கல்வியும் சொல்லித் தரவே தமிழ் அச்சேறியது.

உள்நாட்டில் மதுரை மிஷனின் வரலாறு 1606-இல் தத்துவ போதகர் எனப்படும் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து தொடங்குகிறது. குருக்கள் குறைவு, ஊர்களோ தூரம். குருவானவர் வராத நாட்களில் உபதேசியார்தான் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது மனப்பாடச் செபமே. சொந்த வார்த்தை வராத துக்க வீட்டில் அது இன்றைக்கும் துணை நிற்கிறது. அதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்குவது நன்றிகெட்ட செயல்.

பேசாத பாதுகாவலர்

ஆனால் மனப்பாடத்தோடு நின்றுவிட்டால் பாடம் பாதியில் நிற்கிறது. மீதிப் பாடத்தையும் திண்டுக்கல்லிலேயே படிக்கலாம்.

திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 2003-இல் உருவானது திண்டுக்கல் மறைமாவட்டம். அதன் பேராலயம் புனித வளனாருக்கு, அதாவது சூசையப்பருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1866 முதல் 1872 வரை கட்டப்பட்ட ஆலயம் அது. நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கனவில் கேட்கிறார், எழுந்து போய்ச் செய்கிறார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து, பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' இயற்றினார். அந்த முனிவரின் பெயரைத் தாங்கிய பெஸ்கி கல்லூரி இதே திண்டுக்கல்லில் இருக்கிறது. இயேசு சபையில் சேரும் இளைஞர்களுக்கு நவதுறவறப் பயிற்சி தரும் இல்லம் அது.

இயேசு சபை நவதுறவிகளின் பயிற்சியில் முக்கியமானது 30 நாள் தியானம். புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பரின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலின் வழி அது நடக்கிறது. அந்த நூல் சொல்லும் முறைகளில் இரண்டு, துறவிகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் உரியவை.

முதலாவது, தெரிந்த செபத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதில் தங்குவது. முதல் சொல்லில் மனம் நிறைந்தால் அங்கேயே இருக்கலாம். ஒரு மணி நேரம் முழுவதும் ஒரே சொல்லில் போனாலும் அவசரப்பட வேண்டாம் என்கிறார் இஞ்ஞாசியார். இரண்டாவது, ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று நிதானமாகச் சொல்வது. இரண்டுக்குமே புதுச் செபம் தேவையில்லை. அப்பத்தா சொல்லித் தந்த அதே செபம் போதும். வாயில் ஊறிப்போன செபம் மனதுக்குள் இறங்கும் வழி இது. சிறு வயதில் போட்ட விதை வளர்ந்த பிறகு முளைக்கிறது. விதையே போடாத நிலத்தில் எந்தத் தியானமும் முளைக்காது.

இதோடு நாள் முடிவில் செய்யும் ஆன்மச் சோதனையும் உண்டு. இறைவனுக்கு நன்றி சொல்வது, உள்ளொளி கேட்பது, அன்றைய பொழுதை மணிக்கணக்காகத் திரும்பிப் பார்ப்பது, தவறுக்கு வருந்துவது, நாளைக்கு உறுதி எடுப்பது என்று அதில் ஐந்து படிகள். மில்லில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் திரும்பும் தொழிலாளியும் இதைச் செய்யலாம். புத்தகமோ பீடமோ வேண்டியதில்லை.

சொந்த வார்த்தையில் பேசுவது

1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் மிஷன் திண்டுக்கல்லிலும் வேரூன்றியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சபைகள் அதில் இணைந்தன. அந்த மரபில் வளர்ந்த வீடுகளில் பிள்ளைகள் வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து, பிறகு தம் சொந்த வார்த்தையில் ஜெபிக்கப் பழகுகிறார்கள். கடனையும் காய்ச்சலையும் பரீட்சையையும் கடவுளிடம் நேராகச் சொல்லும் துணிவு அதில் வருகிறது. கத்தோலிக்க வீடுகள் இதைத் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். அதேபோல, சொந்த வார்த்தையும் நாளடைவில் பழகிய வாக்கியங்களாக இறுகிவிடும்போது, பழைய மரபின் நிதானமும் மௌனமும் தென்னிந்தியத் திருச்சபை வீடுகளுக்கும் உதவும்.

செபம் போய்ச் சேருமிடம்

ஒருவருக்குச் செபிக்கத் தெரிந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? கண்ணீரையோ நேரத்தையோ வைத்து அல்ல. திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவைப் பாருங்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். அத்தனையும் சமைக்கப்பட்டு, மத வேறுபாடு பாராமல் எல்லோருக்கும் பரிமாறப்படுகிறது. இயேசு கற்பித்த செபமும் அன்றாட உணவை எல்லோருக்குமாகச் சேர்த்தே கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பசியை மறந்தவருக்கு அந்தச் செபத்தின் சொற்கள் தெரிந்திருக்கலாம். பாடம் இன்னும் ஏறவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். செபம் சொல்லித் தருவதை மறைக்கல்வி ஆசிரியரிடமும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிடமும் முழுதாக ஒப்படைத்துவிடாதீர்கள். இரவில் பத்து நிமிடம் செல்போனையும் டிவியையும் அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருங்கள். பழைய செபம் ஒன்றை நிதானமாகச் சேர்ந்து சொல்லுங்கள். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி பேசட்டும். பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருங்கள். முக்கியமாக, நீங்கள் செபிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சீடர்களும் பார்த்துத்தான் கேட்டார்கள்.