சிவிக் ஆர்எஸ்: சிப்பாங்கில் முந்துவது டர்போவா, ஹைப்ரிட்டா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் மதிய உணவுக்கு ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு சம்பளத்தில் தொடங்கிக் காரில் வந்து நிற்கும். இப்போது அந்தப் பேச்சில் அதிகம் அடிபடும் கேள்வி: “சிவிக் ஆர்எஸ் எடுத்தால் டர்போவா, ஹைப்ரிட்டா? எது வேகம்?”

கேள்வி சாதாரணமானது அல்ல. இரண்டும் மலாக்காவில், அலோர் காஜாவை அடுத்த பெகோ ஆலையில் பொருத்தப்படும் ஒரே செடான். ஒரே உடல், ஒரே கதவு, ஒரே 18 அங்குலச் சக்கரம். பக்கத்தில் நிறுத்தினால் பின்புற எழுத்தைப் படித்துத்தான் வேறுபாடு சொல்ல முடியும். ஆனால் முன்மூடியைத் திறந்தால் இரண்டும் வெவ்வேறு உலகம்.

எண்கள் சொல்வது

இந்தத் தலைமுறை சிவிக் 2022 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தது. அப்போது 1.5 லிட்டர் டர்போ மட்டுமே. 182 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர் இழுவிசை. அதே ஆண்டின் இறுதியில் ஹைப்ரிட் வந்தது. அதில் இருப்பது டர்போ இல்லாத 2.0 லிட்டர் இயந்திரம். அது பெரும்பாலான நேரம் சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்: 184 குதிரைத்திறன், 315 நியூட்டன் மீட்டர். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு, இயந்திரமே நேரடியாகச் சக்கரத்தை இயக்கும்.

குதிரைத்திறனில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட நிறுவனம் தரும் கணக்கு டர்போ ஆர்எஸ்ஸுக்கு 8.5 வினாடி, ஹைப்ரிட்டுக்கு 7.9 வினாடி. வித்தியாசம் 0.6 வினாடிதான். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்தில் கார் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். மூன்று கார்களை வரிசையாக நிறுத்தினாலும் இன்னும் இடம் மிஞ்சும்.

அப்படியானால் ஹைப்ரிட்தான் வேகம் என்று முடித்துவிடலாமா? பந்தயத் தடத்தில் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

சிப்பாங் கேட்கும் கேள்விகள்

பினாங்கிலிருந்து தெற்கே 400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சிப்பாங் பந்தயத் தடம். 1999-இல் திறக்கப்பட்டது, ஒரு சுற்று 5.543 கி.மீ., 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் காரில் 11ஆவதாக முடித்ததும் இங்கேதான். உள்ளூர் கார்கள் ஓடும் சிப்பாங் 1000 கி.மீ. பந்தயமும் இதே தடத்தில்தான், 181 சுற்றுகள்.

பெரிய பந்தயம் இல்லாத நாள்களில் கட்டணம் கட்டி நம் சொந்தக் காரையே ஓட்டலாம். டிராக் டே என்பார்கள். நண்பர்கள் இருவரின் கார்களில், ஒன்று டர்போ, மற்றொன்று ஹைப்ரிட், பக்கத்து இருக்கையில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்து சுற்றி வந்தேன். சுற்று நேரத்தை இங்கே எழுதப்போவதில்லை. ஓட்டியவர்கள் இரண்டு பேர், டயர் தேய்மானம் வேறு, வெயிலும் வேறு. அந்த நேரங்களை ஒப்பிட்டால் கார்களை அல்ல, நண்பர்களைத்தான் ஒப்பிட்டவனாவேன். ஆனால் இரண்டு கார்களும் எங்கே பலம், எங்கே பலவீனம் என்பது உட்கார்ந்திருப்பவனுக்கே தெரிந்தது.

தடத்தின் கடைசி வளைவு குறுகலான கொண்டை ஊசி. அதிலிருந்து வெளியே வரும்போது ஹைப்ரிட் யோசிப்பதே இல்லை. மின்மோட்டாருக்கு கியர் மாற்ற வேண்டாம், டர்போ காற்றழுத்தம் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மிதித்த கணத்தில் முதுகு இருக்கையில் ஒட்டுகிறது. டர்போவில் ஒரு மூச்சுவிடும் நேரம் தாமதம். மெதுவான ஒன்பதாவது வளைவின் ஏற்றத்திலும் அதே கதைதான்.

நேர்பாதையின் பாதிக்கு மேல் கதை மாறுகிறது. ஹைப்ரிட்டின் உச்ச வேகம் 180 கி.மீ. அளவிலேயே நின்றுவிடும். டர்போவுக்கு 200. சிப்பாங்கின் நீண்ட நேர்பாதைகள் இரண்டிலும் ஹைப்ரிட்டின் ஆரம்ப வேகம் மெல்ல அடங்க, டர்போ விட்டதைப் பிடிக்கத் தொடங்குகிறது.

காதை நம்பிப் பிழைப்பவன் நான். எனக்கு வேடிக்கையாக இருந்தது ஹைப்ரிட்டின் சத்தம். கியரே இல்லாத காரில் கியர் மாறுவது போல இயந்திரத்தின் ஒலி படிப்படியாக ஏறி இறங்குகிறது. ஓட்டுநருக்கு இயல்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே ஹோண்டா அப்படி அமைத்திருக்கிறது.

பேட்டரி தீர்ந்துவிடாதா?

பலர் கேட்கும் சந்தேகம் இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோட்டாரின் 184 குதிரைத்திறன் என்பது 135 கிலோவாட். பெட்ரோல் இயந்திரம் தருவது சுமார் 105 கிலோவாட். முழு வேகத்தில் மீதி 30 கிலோவாட்டைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவோ ஒரு கிலோவாட் மணி அளவுதான். அதையும் முழுதாக வடித்துவிட முடியாது. பாதியைப் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்துக்குத் தாங்கும். சிப்பாங்கின் ஒரு நேர்பாதையைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்து பிரேக். ஆள்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் 180-லிருந்து 80-க்கு வேகம் குறைந்தால், 0.4 கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படும். அதில் ஒரு பங்கைத்தான் மோட்டார் திரும்பப் பிடிக்கும். மீதி பிரேக் தட்டில் சூடாகப் போகும். ஆகவே நேர்பாதையில் செலவழித்ததை வளைவில் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அதைக் கெடுப்பது சூடு. நம் ஊர் வெயிலில் தார் கொதிக்கும். அதில் விடாமல் ஓடினால் எந்தச் சாலைக் காருக்கும் மூச்சு வாங்கும். டர்போவில் உள்ளிழுக்கும் காற்று சூடாகி வலிமை குறையும். அதன் சிவிடி கியர்பெட்டியும் சூடேறும். ஹைப்ரிட்டில் பேட்டரியும் மின்சுற்றுகளும் தம்மைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்கும். இரண்டு கார்களிலும் முதலில் கையை விரித்தது பிரேக்தான். நான்காவது சுற்றில் மிதி தொய்ந்தது, கருகிய வாடை வந்தது. இருவரும் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

ஆக என் கணிப்பு இது: ஒரே ஒரு சுற்று, வளைவு நிறைந்த தடம் என்றால் ஹைப்ரிட். நீண்ட நேர்பாதை என்றால் டர்போ. ஐந்து சுற்றுக்கு மேல் என்றால் இரண்டுமே இல்லை.

ஆர்எஸ் என்றால் என்ன?

ஏன் இரண்டுமே இல்லை என்பதற்கு விடை ஹோண்டாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1974-இல் ஜப்பானில் வந்த முதல் சிவிக் ஆர்எஸ்ஸில் அந்த எழுத்துகளுக்கு ‘ரோட் செய்லிங்’ என்று பொருள் சொன்னார்கள். சாலையில் பாய்மரக் கப்பல் போல மிதந்து போவது! பலர் நினைப்பது போல அது பந்தயப் பெயரே அல்ல.

தடத்துக்கென்றே செய்த சிவிக் செடான் வேறு. 2007-இல் மலேசியாவிலும் விற்கப்பட்ட டைப் ஆர் செடான் அது. டர்போ இல்லாமலேயே 225 குதிரைத்திறன், அதுவும் 8,000 சுழற்சியில். ஆறு கியர், கையால் மாற்றுவது. முன்னால் பிரெம்போ பிரேக், சக்கரம் வழுக்காமல் வலிமையைப் பகிரும் டிஃபரென்ஷியல். சஸ்பென்ஷனோ பாறை மாதிரி. பின்னால் உட்காரும் பாட்டிக்கு ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். தடத்துக்கான கார் என்றால் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். ஆர்எஸ் குடும்பக் கார். அதில் கொஞ்சம் உறைப்பு சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக் கணக்கு

ஹைப்ரிட் 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 4 லிட்டர், டர்போ 6 லிட்டருக்குச் சற்று மேல் என்பது நிறுவனக் கணக்கு. ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டினால் 400 லிட்டர் மிச்சம். பூடி95 விலையான 1.99 ரிங்கிட்டில் கிட்டத்தட்ட 800 ரிங்கிட். ஆனால் சாலை வரியில் டர்போவுக்கு 90 ரிங்கிட், 2.0 லிட்டர் ஹைப்ரிட்டுக்கு 376.50. அதைக் கழித்தால் கையில் நிற்பது 500 சொச்சம். கொள்முதல் விலையில் ஹைப்ரிட் கூடுதல் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தடத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண வாகனக் காப்புறுதி, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பேற்காது. சுவரில் இடித்தால் முழுச் செலவும் நம் தலையில்தான். மாதத் தவணையும் நிற்காது. போகும் முன் புதிய பிரேக் எண்ணெய் ஊற்றுங்கள், பிரேக் பட்டையின் கனத்தைப் பாருங்கள்.

பாலம் பந்தயத் தடம் அல்ல

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. “எது வேகம்?” என்ற கேள்விக்கு 400 கி.மீ. போய் விடை தேட எல்லோருக்கும் பொறுமை இல்லை. பினாங்குப் பாலத்திலும் கடலோர விரைவுச்சாலையிலும் நள்ளிரவில் தேடுகிறார்கள். சட்டத்தை விடுங்கள், 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அபாயகரமாக ஓட்டுவதற்குச் சிறையும் உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தக் கணக்கை மட்டும் பாருங்கள்.

பாலத்தின் வேக வரம்பு 80 கி.மீ. 80-இல் வரும் காரும் 110-இல் வரும் காரும் ஒரே இடத்தில், ஒரே பிரேக்கை, ஒரே அழுத்தத்தில் மிதிக்கின்றன. முதல் கார் முழுதாக நின்றுவிடும் அந்த இடத்தில் இரண்டாவது கார் இன்னும் 75 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். டர்போவானாலும் ஹைப்ரிட்டானாலும் இந்தக் கணக்கு மாறாது. சிப்பாங்கில் வளைவைத் தவறவிட்டால் ஓட சரளைப் பரப்பு இருக்கிறது, கொடி பிடித்தவர் இருக்கிறார், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. பாலத்தில் இருப்பது பக்கத்துத் தடத்தில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் இன்னொரு வீட்டுப் பிள்ளை.

வேகம் பார்க்க ஆசையா? ஒரு நாள் விடுப்பு எடுங்கள், தலைக்கவசம் எடுங்கள், சிப்பாங்குக்குப் போங்கள். நான்கு சுற்றில் உங்கள் காரின் எல்லையும் உங்கள் எல்லையும் சேர்ந்தே தெரிந்துவிடும்.