விலை விழலாம், வாக்கு விழக் கூடாது

  

பொருளாதாரச் சரிவு என்ற சொல்லைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். சொல் பெரியது; ஆனால் பொருள் நமக்குப் புதியதல்ல. கடையில் பற்று ஏறுகிறது, கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது, பிள்ளையின் பள்ளிச் செலவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகிறது. நமக்குத் தெரிந்த சரிவு இதுதான். அது வரும்போது வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எப்படிப் பிழைப்பது என்பது ஒன்று. ஆண்டவன் நம்மை ஏன் இப்படிச் சோதிக்கிறான் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பொருளாதாரம் பதில் சொல்லட்டும், இரண்டாவதற்கு ஆன்மிகம் பதில் சொல்லட்டும் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அப்படிப் பிரிக்க முடியாது என்பதை நம்முடைய வரலாற்றைக் கொண்டே இன்று பார்ப்போம்.

பினாங்குத் துறைமுகத்திலிருந்து தொடங்குவோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் முன்னோர் பலர் முதலில் கால் வைத்த மண் இந்தப் பினாங்கு. வந்தவர்களைப் பார்த்த அதே துறைமுகம், திரும்பிப் போனவர்களையும் பார்த்தது. 1925-ஆம் ஆண்டில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1929-இல் அது சுமார் 34 காசுக்கு இறங்கியது. 1932-இல் சுமார் 7 காசுக்கு வந்து நின்றது. 50 காசாக இருந்த ஆண்களின் நாள் கூலி முதலில் 40 காசாகக் குறைந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காட்டை வெட்டி, கன்று நட்டு, மரம் வளர்த்தவர்களுக்குக் கிடைத்த பதில், ஊருக்குப் போக ஒரு கப்பல் சீட்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகவில்லை. பால் வற்றவில்லை. வெட்டும் கை தளரவில்லை. எல்லாம் முன்போலவே இருந்தன. அப்படியானால் எது சரிந்தது?

அமெரிக்காவில் 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. மோட்டார் வண்டி வாங்குவோர் குறைந்தார்கள். வண்டி குறைந்ததால் டயர் குறைந்தது. டயர் குறைந்ததால் ரப்பருக்குக் கேட்பாரில்லை. நல்ல விலை விற்ற காலத்தில், இந்த விலை என்றைக்கும் இருக்கும் என்று நம்பி ஏராளமாக நட்டிருந்தார்கள். கடன் வாங்கியும் நட்டிருந்தார்கள். ஆசை ஏறியபோது விலையும் ஏறியது. அச்சம் வந்ததும் விலை விழுந்தது. நாணயத்துக்கு நாணயம் என்று பெயர் வைத்தவர்கள் அறிவாளிகள். நேர்மைக்கும் அதே சொல்தான். ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள நம்பிக்கை போய்விட்டால், கையில் உள்ள காசுக்கும் மதிப்பில்லை.

இதைத் தலைவிதி என்று சொல்லலாமா? நம்மில் பலர் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். முற்பிறவியில் செய்த பாவம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். நேயர்களே, ராத்தல் 7 காசு என்று எவருடைய நெற்றியிலும் எழுதி வைத்திருக்கவில்லை. மனிதர்களின் பேராசையும் அச்சமும் செய்த வேலையை ஆண்டவன் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது. மனிதர் கெடுத்ததை மனிதர் திருத்த முடியும். திருத்துவதற்கு வேண்டிய உள்ளத்தின் பலத்தைத் தருவதுதான் ஆன்மிகம்.

இப்படிப் பேசுவது எளிது, நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அதுவும் நம்முடைய தோட்டங்களிலேயே நடந்திருக்கிறது.

1950-ஆம் ஆண்டுகளில் இரண்டாவது சரிவு வந்தது. இந்த முறை விழுந்தது விலை அல்ல. தோட்டமே துண்டு துண்டானது. நாடு 1957-இல் சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கிய வியாபாரிகள், பெரிய தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிப் பலருக்கு விற்று லாபம் பார்த்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். பேராசிரியர் உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார்.

துண்டு வாங்கிய சிறு முதலாளிக்கு லயம் எதற்கு? ஆயாக் கொட்டகை எதற்கு? பள்ளிக்கூடம், மருந்துச் சாலை, கோயில் எதற்கு? பத்து ஏக்கர் வெட்ட இரண்டு மூன்று பேர் போதும். மற்றவர்கள் வெளியேற வேண்டியதுதான். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போன அன்றே வீடும் போனது. மூன்று தலைமுறை விளக்கேற்றிய மாரியம்மன் கோயில், மற்றொருவருடைய துண்டு நிலத்தில் நின்றது.

அந்த நேரத்தில்தான் 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அப்போது அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் அதற்கு முன் நின்றார். அவர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர்; 1979-இல் காலமானார். அவர் வைத்த யோசனை சுருக்கமானது. தோட்டம் விற்பனைக்கு வந்தால் நாமே ஏன் வாங்கக் கூடாது? ஒருவரால் முடியாது; ஆயிரம் பேர் சேர்ந்தால் முடியும். பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்.

பத்து வெள்ளி என்பது அன்று பல நாள் கூலி. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். வாங்கப் போகும் தோட்டத்தை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. கங்காணியிடமும் கடைக்காரரிடமும் ஏமாந்து பழகியவர்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலாவதாகக் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பிறகு வேறு தோட்டங்களும் வந்து சேர்ந்தன. நேற்றுவரை பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர், பெயர் பதிந்த பங்குதாரர் ஆனார்.

சிறு துளி பெரு வெள்ளம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் துளிகள் தாமாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு துளிக்கும் பின்னால் ஒருவர் தம்முடைய அச்சத்தை வென்றிருக்கிறார். பக்கத்து லயத்துக்காரர் கட்டுவார் என்று நம்பித்தான் இவர் கட்டினார். இவரை நம்பி அவர் கட்டினார். வங்கியில் கடன் கேட்க அவர்களிடம் ஈடு எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் கொடுத்த வாக்குதான் ஈடு. அதைத்தான் நான் ஆன்மிகம் என்கிறேன்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்தச் சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிடவில்லை. எத்தனையோ குடும்பங்கள் வெளியேறின. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரம் வளர்ந்து தோட்டங்களை விழுங்கியது. ஆனாலும் ஒன்று நிலைத்தது. ஏழைகள் சேர்ந்தால் நிலம் வாங்க முடியும் என்பதை யாரும் இனி மறுக்க முடியாது.

நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று எண்ணிவிடக் கூடாது. 1986-ஆம் ஆண்டில் இதே நாட்டில், மக்களிடம் வைப்புத் தொகை வாங்கிய இருபதுக்கும் மேற்பட்ட கூட்டுறவுச் சங்கங்களைப் பேங்க் நெகாரா முடக்க வேண்டி வந்தது. லட்சக்கணக்கானோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. கூட்டுறவு என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது. பொதுப் பணத்தைத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும். அது சுத்தமாக இருக்கிறதா என்று உறுப்பினர் கேட்கவும் வேண்டும். கணக்குக் கேட்பது சண்டைக்காரர் வேலை என்று நம்மவர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அது தர்மத்தைக் காக்கும் வேலை. உங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவைச் சபையில் படிக்கிறார்களா? படிக்கும் கோயிலில் சாமி இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

திருவள்ளுவர் அறத்துப்பாலை முதலில் வைத்தார். பொருட்பாலை அதன் பின்னே வைத்தார். பொருளை அவர் வெறுக்கவில்லை. பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆனால் அறம் முன்னே நடக்க, பொருள் பின்னே வர வேண்டும் என்று வரிசையிலேயே காட்டிவிட்டார். அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என்ற அதிகாரம் உண்டு. ஊரோடு சேர்ந்து வாழ்ந்து, இருப்பதை ஊருக்கும் பயன்படச் செய்வதுதான் ஒப்புரவு. சரிந்த சமுதாயம் மறுபடி எழுவதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

இந்த வழியில் நடக்க வேண்டிய பயிற்சி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் பக்தர், அதற்கு முன் பல நாள் விரதம் இருக்கிறார். புலால் இல்லை, மது இல்லை, கோபமான பேச்சு இல்லை. நோன்பு மாதத்தில் நம் முஸ்லிம் சகோதரர்கள் பகல் முழுதும் பசி பொறுத்து, ஏழையின் பங்கை எடுத்து வைக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்கு வரும் கிறிஸ்தவர்களுக்கும் தவக்காலம் உண்டு. முருகனுக்காகச் சில வாரம் மதுவைத் தொடாதவரால், பிள்ளைகளுக்காக ஓர் ஆண்டு தொடாமல் இருக்க முடியாதா? 1947-ஐ ஒட்டிய காலத்தில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன்னே நின்று மறியல் செய்தார்கள். போலீஸ் தடியடிக்கும் அஞ்சவில்லை. கூலி உயரும் வரை காத்திராமல், கூலி வீணாகும் வாசலை அடைக்கப் போனவர்கள் அவர்கள்.

1969-இல் தொடங்கப்பட்ட பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், தைப்பூசத்தில் அளவுக்கு மீறித் தேங்காய் உடைத்து வீணாக்க வேண்டாம் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. சிலருக்கு இது கசக்கிறது. நேர்த்திக்கடனைக் குறை சொல்லவில்லை. ஆயிரம் தேங்காய்க்குப் பதில் ஒரு தேங்காய் உடைத்து, மீதிப் பணத்தில் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முருகன் கோபித்துக்கொள்வானா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த நம் நாணயம் 1998 ஜனவரியில் நாலே முக்கால் வெள்ளிக்கும் கீழே சரிந்தது. 2020-இல் கோவிட் நோய் வந்து வேலைகளை நிறுத்தியது. 2021-இல் உணவில்லாத வீடுகள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வைத்தன. இனம், மதம் பாராமல் அக்கம்பக்கத்தார் அரிசியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கேட்பது மானக்கேடு என்ற எண்ணத்தை அந்த வெள்ளைத் துணி உடைத்தது. அப்படிக் கேட்க அஞ்சுகிறவர்தான் இரவோடிரவாக ஆலோங்கிடம் போய்க் கையெழுத்திடுகிறார். வாரா வாரம் வட்டி ஏறுகிறது. கடைசியில் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் தெறிக்கிறது. பக்கத்து வீட்டில் வாய் திறந்து சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் தப்பியிருக்கும்.

ஆகவே இன்று வீட்டில் செய்யக் கூடியவை மூன்று. ஒன்று, ஒரு பள்ளிக் கொப்பியில் வரவு செலவை எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். இரண்டு, சிறிய தொகையானாலும் சேர்ந்து சேமியுங்கள்; பதிவு பெற்ற சங்கத்தில் சேமியுங்கள்; ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள். மூன்று, நல்ல காலத்திலேயே அண்டை வீட்டாரோடு மனம் விட்டுப் பேசிப் பழகுங்கள். கெட்ட காலத்தில் முதலில் திறக்கும் கதவு அதுதான்.

இவற்றோடு நியாயமான கூலியும் சொந்த வீடும் கேட்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. பொறுமையாய் இரு, மேலுலகில் கிடைக்கும் என்று தொழிலாளிக்குச் சொல்லுவது ஆன்மிகம் அல்ல. தன்னை அடக்கத் தெரிந்தவனும், கூடி நிற்கத் தெரிந்தவனும் கேட்கும்போதுதான் கேள்விக்கு வலிமை உண்டு.

ரப்பர் விலையும் செம்பனை விலையும் நம் கையில் இல்லை. அவை ஏறும், இறங்கும். அண்டை வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு நம் கையில் இருக்கிறது. பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்து ஒரு தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வாக்கை விழாமல் காப்போமாக.