கண்டதைத் தெளிவாக எழுதுக

அரியதோர் உண்மையைக் கண்டறிந்தவர், அதனை உரிய காலத்திலே செவ்வனே எழுதாவிடின் நேர்வது என்ன? விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கர் சிந்திக்க வேண்டிய வினா இது.

1847-ம் ஆண்டு வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே பிரசவத்துக்கு வந்த தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு மாண்டனர். பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளுடனேயே வைத்தியரும் மாணாக்கரும் அவர்களைத் தொடுவதே காரணமென்று செமெல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் கண்டார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவுமாறு பணித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம், யூன் மாதத்தில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

ஆயினும் அவருக்கு எழுதுவதென்றாலே வெறுப்பு. நண்பர்களே முதலில் அவருக்காகச் சிறு குறிப்புகள் வெளியிட்டனர். அவரது பெருநூல் 1861-ம் ஆண்டைத் தாங்கியே வெளிவந்தது. 500 பக்கங்களைக் கடந்த அந்நூலிலே சான்றுகளோடு எதிராளர் மீது சினமும் மலிந்திருந்தது. அவர் கருத்தை உலகம் ஏற்கத் தயங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், இதுவும் ஒன்றென்பதை மறுத்தற்கில்லை. அத்தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் தாய்மாரே.

1867-ல் லிஸ்ரர் என்னும் சத்திரவைத்தியர் செய்ததைப் பாருங்கள். எலும்பு முறிந்து தசையும் கிழிந்த 11 நோயாளரின் வரலாற்றை 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் ஒவ்வொன்றாக எழுதினார். காபோலிக் அமிலத்தை இட்ட முறையையும், காயம் ஆறிவந்த விதத்தையும் விளக்கினார். உறுப்பிழந்த ஒருவரையும் இறந்த ஒருவரையும் மறைத்தாரல்லர். படித்த வைத்தியர் தாமும் அவ்வாறே செய்து பார்க்கக் கூடியதாயிருந்தது.

நம் பிள்ளைகள் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில. பரிசோதனை முடிந்த அன்றே குறிப்பெழுதுக. செய்தது, கண்டது, கருதியது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாதிருக்கட்டும். 'நன்றாகச் சூடாக்கினேன்' என்பதிலும் '80 பாகை செல்சியசு வரை சூடாக்கினேன்' என்பது மேல். பிழைத்துப்போன பரிசோதனையையும் எழுதுக. ஈற்றில், எழுதியதைத் தம்பிக்கோ தங்கைக்கோ வாசித்துக் காட்டுக. அவர்கள் விழிக்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியை வாங்கி ஒரு பக்கம் வாசியுங்கள். அப்பரிசோதனையை நீங்களே செய்துவிடலாம் என்று தோன்றுமாயின், அப்பிள்ளை எழுதக் கற்றுவிட்டது என்று கொள்ளலாம்.