மின்னலும் மின்தடையும்: வீட்டு மின்பொருட்களைக் காப்பது எப்படி?

நாட்டுக்கு மின்சாரம் கிடைப்பதற்காக மகாவலிக் கரையில் விவசாயக் குடும்பங்கள் கொடுத்த விலை பெரியது. விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரும் அதனைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கின. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணையின் மின்நிலையம் 210 மெகாவாட் வலுவுடையது. இலங்கையின் மிகப் பெரிய நீர்மின் நிலையமும் அதுவே. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன.

இடம்பெயர்ந்த குடும்பம் புதிய இடத்தில் முதலில் தேடிக்கொள்ளும் பொருட்களில் கைத்தொலைபேசியும் உண்டு. மண்சரிவு எச்சரிக்கையும், நட்டஈடு பற்றிய அறிவித்தலும், பிள்ளைகளின் பாடமும் அதன் வழியாகவே வருகின்றன. பின்னர் தொலைக்காட்சி, குளிர்சாதனப்பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று கடன்பட்டும் சீட்டுப் பிடித்தும் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். இவை ஒரு மின்னலிலோ ஒரு மின்தடையிலோ எரிந்துபோனால், கடன் மட்டுமே மிஞ்சும். இந்த இழப்பில் பெரும்பகுதியைச் செலவில்லாமலே தடுக்கலாம். அதற்கு ஆபத்து எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஆபத்து வரும் நான்கு வழிகள்

முதலாவது மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் எமது மலைப்பகுதியில் பிற்பகல் வேளையில் இடிமழை அதிகம். மின்னல் வீட்டின் மேல் விழவேண்டும் என்பதில்லை. தூரத்தில் மின்கம்பியின் அருகே விழுந்தாலும், அதன் அதிர்ச்சி கம்பி வழியே வீட்டுக்குள் ஓடிவரும். தொலைக்காட்சி அன்டெனா, டிஷ் கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகியனவும் அதற்கு வாசல்களே.

இரண்டாவது, மின்சாரம் போய்த் திரும்பி வரும் வேளை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2023 டிசம்பர் 9ஆந் திகதி கொத்மலை–பியகம மின்கடத்தும் வழியில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையக் கோளாறினால் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. குரங்கு ஒன்றே அதற்குக் காரணம் என அமைச்சர் கூறினார். மின்சாரம் திரும்பும்போது ஊரிலுள்ள எல்லாக் குளிர்சாதனப்பெட்டிகளும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கும். அந்தச் சில நிமிடங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்.

மூன்றாவது குறைந்த மின்னழுத்தம். வீட்டுக்கு 230 வோல்ட் வரவேண்டும். 6 வீதம் கூடவோ குறையவோ இடமுண்டு, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து தூரத்தில், கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மாலை வேளையில் இதிலும் குறைந்து வருவதுண்டு. அப்போது மின்குமிழ் மங்குவதோடு போகும். ஆனால் குளிர்சாதனப்பெட்டியின் மோட்டார் சுழல முடியாமல் முனகி, சூடேறி, எரிந்துபோகும்.

நான்காவதே மிகக் கொடியது: நியூட்ரல் கம்பி அறுவது. மரம் விழுந்தோ மண் சரிந்தோ தெருக்கம்பிகளில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். ஒரு வீட்டில் மின்குமிழ் கண்ணைக் கூசவைக்கும். பக்கத்து வீட்டில் மங்கி எரியும். இந்த அடையாளத்தைக் கண்டவுடன் பிரதான சுவிட்சை நிறுத்திவிடுங்கள். அயல் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

எந்தக் கருவி எதைக் காக்கும்?

"எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். ட்ரிப் சுவிட்ச் மின்தாக்கத்திலிருந்து மனிதரைக் காப்பது. 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் ஒழுகினாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே அது கட்டாயம் வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். ஆனால் மின்னலின் அதிர்ச்சியிலிருந்து தொலைக்காட்சியை அது காக்காது.

பியூஸ், கம்பி அளவுக்கு மேல் சூடேறித் தீப்பிடிப்பதைத் தடுப்பது. மின்னல் அதனை முந்திவிடும். பியூஸ் போனால் தடித்த கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ வைப்பது வீட்டுக்கே தீ வைப்பதற்குச் சமம்.

மின்னல் போன்ற கணநேர அதிர்ச்சியை ஓரளவு தாங்குவது சர்ஜ் ப்ரொடெக்டர். அதற்குள் இருக்கும் சிறு வில்லை, மிகையான மின்சாரத்தைத் தன்மீது வாங்கி எர்த் கம்பிக்கு அனுப்பும். ஒவ்வொரு அடியிலும் அந்த வில்லை தேயும். அடையாள விளக்கு அணைந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். சாதாரண நீட்சிப் பலகையும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. எர்த் இல்லாத வீட்டில் நல்ல ப்ரொடெக்டரும் அரைப் பயனே தரும்.

நீடித்து நிற்கும் கூடிய அல்லது குறைந்த மின்னழுத்தத்துக்கு மேற்சொன்ன எதுவும் போதாது. மின்னழுத்தம் அளவு தவறினால் இணைப்பைத் துண்டித்து, சரியான பின் சில நிமிடம் தாமதித்து மீண்டும் கொடுக்கும் பாதுகாப்புக் கருவி கடைகளில் உண்டு. குளிர்சாதனப்பெட்டிக்கு ஏற்றது அதுவே.

செலவில்லாத காவல்

1. மின்னலைக் கண்டதும் இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. வயலிலும் தேயிலை மலையிலும் நிற்போர் உடனே வீட்டுக்குள் வருதல் வேண்டும்.

2. இருள் கட்டும்போதே பிளக்குகளைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் பாய்ந்து கடக்கும். அன்டெனாக் கம்பியையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் எதையும் தொடவேண்டாம். பொருளைவிட உயிர் பெரிது.

3. கைத்தொலைபேசி மின்னலை இழுக்கும் என்பது சரியன்று. சார்ஜரில் மாட்டியபடி அதைக் கையில் பிடித்திருப்பதே ஆபத்து. மழைக்காலத்தில் காலையிலேயே சார்ஜ் செய்து வைப்பது நல்லது. தொலைபேசிக் கோபுரங்களும் மின்சாரமின்றி ஓய்ந்துவிடலாம். பற்றரியில் இயங்கும் சிறிய வானொலி ஒன்று அப்போது கைகொடுக்கும்.

4. மின்சாரம் போனவுடன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஒரு மின்குமிழை மட்டும் போட்டு வையுங்கள். மின்சாரம் வந்து, அது ஐந்து நிமிடம் சீராக எரிந்த பின் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். குளிர்சாதனப்பெட்டி கடைசியில்.

5. மின்தடையின்போது குளிர்சாதனப்பெட்டியைத் திறக்காதிருந்தால் உணவு ஏறத்தாழ நான்கு மணிநேரம் கெடாது.

தற்காலிக வீடுகளில் இருப்போருக்கு

கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருப்போருக்கு ஆபத்து இரட்டிப்பாகும். பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய கம்பி இழுத்து, அது தகரத்தில் உரசித் தோல் கழன்றால், கூரை முழுவதிலும் மின்சாரம் ஏறும். இணைப்பு எடுப்பதானால் தடித்த உறையுள்ள மூன்று கம்பி வயரில், ட்ரிப் சுவிட்ச் உள்ள பலகையிலிருந்து, தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டே எடுக்க வேண்டும். எர்த் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கம்பியில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். பாறைநிலத்தில் ஒரு எர்த் கோல் போதாமல் போகலாம். மின்னியலாளர் கருவியால் அளந்து பார்க்கும்படி கேளுங்கள்.

சேற்று வெள்ளத்தில் நனைந்த பொருளை "பார்ப்போமே" என்று பிளக்கில் மாட்டாதீர்கள். சேற்றைக் கழுவி, பல நாள் உலரவிட்டு, பழுது பார்ப்பவரிடம் காட்டிய பின்பே மாட்டலாம். நீரில் நின்றுகொண்டு பிரதான சுவிட்சைத் தொடுவதும் கூடாது.

பணம் சேரும்போது எந்த வரிசை?

முதலில் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்: இவை உயிருக்கு. அடுத்து குளிர்சாதனப்பெட்டிக்கு மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவி. அதன் பின்னரே தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர். விலை மலிந்த பெயரில்லாப் பொருளை வாங்கி ஏமாறுவதைவிட, அந்தப் பணம் சேரும் வரை பிளக்கைக் கழற்றிவைக்கும் பழக்கமே சிறந்த பாதுகாப்பு.

ஊராகச் சேர்ந்து செய்யவேண்டியவை

கம்பியை உரசும் கிளையை வெட்டுவது மின்சார அலுவலகத்தின் வேலை. பலா, அவகாடோ பறிக்கும் இரும்புக் கோலோடு நாம் மரத்தில் ஏறினால் உயிர் போகும். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே எவரையும் விடாது காவல் நின்று, மின்பட்டியலில் உள்ள இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

ஒரே நாளில் பல வீடுகளில் பொருட்கள் எரிந்தால் தனித்தனியே புலம்ப வேண்டாம். திகதி, நேரம், எந்த வீட்டில் எந்தப் பொருள் என்பவற்றை எழுதுங்கள். பழுது பார்ப்பவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எல்லோரும் கையொப்பமிட்டு மின்சார அலுவலகத்துக்குக் கொடுத்து, பிரதியில் முத்திரை பெறுங்கள். மறுமொழி இல்லையேல் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மின்னழுத்தம் எப்போதும் குறைந்தே இருக்கும் ஊர்கள், புதிய மின்மாற்றி கோரியும் இவ்வாறே கூட்டாக எழுதலாம். கிராம சங்கங்களும் மாதர் குழுக்களும் அடுத்த இடிமழைக் காலத்துக்கு முன் ஒரு நாளைக் குறித்து, வீடு வீடாக எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிக்க ஒரு மின்னியலாளரை அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கூலியைப் பத்து வீடுகள் பங்கிட்டால் எவருக்கும் சுமையாகாது.