கடலிலிருந்து வந்த விருந்தாளி

குழந்தை சொல்வதை வீட்டில் ஒருவருமே நம்பாவிட்டால் அது என்னதான் செய்யும்? இதை வைத்து ஓர் அருமையான சாகசக் கதை எழுதியிருக்கிறார் ஸ்காட்லாந்து எழுத்தாளர் மோலி ஹண்டர். 1975-ல் வெளிவந்த 'எ ஸ்ட்ரேஞ்சர் கேம் அஷோர்' என்ற நாவல் அது.

கதை நடப்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளில். அந்த ஊர்ப் பேச்சில் 'செல்கி' என்றால் சீல். பாறைமேல் படுத்துக்கொண்டு, மனுஷக் கண் மாதிரி ஈரமான பெரிய கண்ணால் பார்க்குமே, அந்தக் கடல் பிராணிதான்! அது கரையேறித் தோலைக் கழற்றிவிட்டால் மனித உருவம் வந்துவிடும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வழங்கும் கதை. கழற்றிய தோலை எவனாவது ஒளித்துவிட்டால் செல்கிப் பெண் கடலுக்குத் திரும்ப முடியாது. அவனையே கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, சமைத்துப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். என்றைக்காவது தோல் கையில் கிடைத்ததோ, பெற்ற பிள்ளைகளைக்கூட விட்டுவிட்டு அலைக்குள் போய்விடுவாள். சில கதைகளில் அந்தத் தோலைக் கண்டெடுத்து நீட்டுவதே அவள் குழந்தைதான். பாவம், அதற்குத் தெரியுமா, அம்மா போய்விடுவாள் என்று!

ஹண்டர் இதைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறார். இங்கே வருபவன் ஆண். கப்பல் உடைந்த புயல் ராத்திரியில் ஹெண்டர்சன் வீட்டுக்கு வந்து சேர்கிறான் ஃபின் லியர்சன். நல்ல அழகன், சிரித்த முகம், நடனத்தில் கெட்டிக்காரன். அப்பா, அம்மா, அக்கா எல்ஸ்பெத், எல்லோருக்கும் அவனைப் பிடித்துப் போகிறது. வீட்டு நாய் மட்டும் உறுமுகிறது. 12 வயது ராபிக்கு மனசில் ஏதோ உறுத்துகிறது. கடலடி அரண்மனைக்குப் பெண்களை மயக்கி அழைத்துப்போகும் பெரிய செல்கியைப் பற்றித் தாத்தா சொல்லியிருக்கிறாரே! அக்காவுக்குத்தான் வலை விரிக்கிறானோ?

யாரிடம் சொல்வது? துணையாக இருந்த தாத்தாவும் கண்ணை மூடிவிடுகிறார். கடைசியில், மந்திரவாதி என்று பிள்ளைகள் நடுங்கும் பள்ளிக்கூட வாத்தியாரிடமே போய் நிற்கிறான்.

ராட்சசன் எங்கோ குகையில் இருந்தால் பயம் அவ்வளவு இல்லை. இவனோ அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா போடும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான்! எனக்கே முதுகு சில்லிட்டது.

வைக்கோல் உடையும் முகமூடியுமாக இளைஞர்கள் ஆடிவரும் ஜனவரி மாதத் திருவிழா இரவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லமாட்டேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே படிக்கலாம். சின்னதுகளுக்கு நீங்கள் தமிழில் சொல்லுங்கள், ஆனால் பகலில். தாத்தா இறக்கும் இடம் வரும்போது கொஞ்சம் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொள்ளுங்கள், கேள்விகள் வரும்.